டம்மிக்கும் ஒரு பை

அந்த வட்டாரத்தில் தராசு, மீட்டர், அளவைக் கருவி எது கெட்டாலும் ரிப்பேர்காரரிடம்தான் வரும். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். லேசர் ஒளி தரும் குட்டிச் சாமானான லேசர் டயோடு விஷயத்தில் மட்டும் அந்தக் கைராசி தலைகீழாக வேலை செய்தது. அதுவரை நான்கு லேசர் டயோடுகள் அவர் கையில் மண்டையைப் போட்டிருந்தன. பக்கத்துக் கடை சைக்கிள்காரர் அவருக்கு எமன் என்று பெயர் வைத்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எமனுக்காவது ஏறிப் போக எருமை இருக்கு. நான் நடந்தே போய்க் கொல்றேன்" என்றார். அடுத்தவன் கிண்டல் செய்வதற்குள் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு விடுவது அவருடைய பழைய தந்திரம். வலி கொஞ்சம் குறையும் என்று நினைப்பு. குறையவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

நான்கு சாவும் வீண் போகவில்லை. வேலை மேசைக்கு எதிரே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தார். ஒரு சாவுக்கு ஒரு விதி.

மின்சாரம் கொடுக்கும் முன், அதைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் குறைந்த அளவில் வை. இது முதல் டயோடின் நினைவாக. எந்தப் பக்கம் திருகினால் குறையும் என்பது தனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று அன்றைக்கு அவர் நம்பினார். சுவிட்சை அணைத்த பிறகு, டயோடுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அதன் பிறகு டயோடை மாட்டு. இது இரண்டாவதன் நினைவாக. சர்க்யூட்டில் இருக்கும் கெபாசிட்டர் கொஞ்சம் மின்சாரத்தை வாயில் அடக்கி வைத்திருக்கும், நாம் சுவிட்சை அணைத்தது அதற்குத் தெரியாது. கையில் எர்த் பட்டை கட்டு, நைலான் சட்டை போடாதே. மூன்றாவது டயோடு அவர் உடம்பில் தேங்கியிருந்த மின்சாரத்தாலேயே போய்ச் சேர்ந்தது. வெறுமனே தொட்டார், அவ்வளவுதான். கிளிப் போட்டுச் சோதிக்காதே, ஈயம் வைத்துப் பற்றவை. நான்காவது சாகும்போது கிளிப் நழுவி மறுபடி ஒட்டியது, கண் மூடித் திறப்பதற்குள் கதை முடிந்தது.

ஐந்தாவது விதிக்கு மட்டும் சாவு கிடையாது. எந்தக் காரணம் கொண்டும் டயோடு இருக்கும் குழலின் முன்பக்கம் கண்ணை வைத்துப் பார்க்காதே. டயோடு போனால் வேறு வாங்கலாம், கண் போனால் கடையில் கிடைக்காது என்பதால் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். அவர் ஒரு தடவைகூட மீறாத விதி அது ஒன்றுதான். அதுவே அவரைக் கவிழ்க்கும் என்று அவர் கண்டாரா?

இப்படிப்பட்ட மனிதரிடம் அந்த வேலை வந்திருக்கவே கூடாது. ஆனால் கொண்டு வந்தவள் அவருடைய மனைவி.

அவள் நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு மிஷின். தண்ணீர் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாக ஓடும், அதன் குறுக்கே சிவப்பு லேசர் ஒளி பாயும், தண்ணீரில் தூசி இருந்தால் ஒளி சிதறும், மிஷின் அதை எண்ணிச் சொல்லும். பதினோரு வருஷமாக அவள் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் லேசருக்கு மின்சாரம் அளந்து கொடுக்கும் போர்டு புகைந்தது. போகிறபோது டயோடையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிஷினைச் செய்த கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. மாதக் கடைசிக்குள் மிஷின் ஓடாவிட்டால் அந்தப் பிரிவையே மூடுகிறோம், அவளுக்குத் தலைமைக் கூடத்துக்கு மாற்றல் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தலைமைக் கூடம் எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது.

ரிப்பேர்காரர் கடிதத்தைப் படித்து மடித்தார், மறுபடி விரித்துப் படித்தார். ஒரே மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். இவளும் போய்விட்டால் வீட்டில் அவரும் நாற்பது பழைய மீட்டர்களும்தான். சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்காத வீட்டை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான் செஞ்சு தர்றேன். போர்டு நானே புதுசாப் போடறேன், டயோடு வெளியேருந்து வரவழைக்கலாம்" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றாள் அவள்.

"உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடப் போய்விட்டார்.

டயோடு வந்து சேர மூன்று வாரம் ஆனது. ஒன்றே ஒன்று. விரல் நீளத்தில் பித்தளைக் குழல், பின்னால் இரண்டு முள் பிளக், முன்னால் சின்ன லென்ஸ். அந்த வகையில் கடைசிச் சரக்கு, இனி வராது என்று விற்றவர் எழுதியிருந்தார். ரிப்பேர்காரர் அதை உறையோடு மேசை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை எங்கே வைத்தோம் என்று அரை நாள் தேடினார்.

அதற்குள் புது போர்டு தயார். டயோடுக்கு அறுபது மில்லிஆம்பியர் மின்சாரம் வேண்டும். கொஞ்சம் கூடினால், அதுவும் ஒரு நொடியின் சின்னப் பங்கு நேரம்தான் கூடினாலும், டயோடு செத்துவிடும். அப்புறம் ஒப்புக்கு மங்கலாக ஒரு சிவப்பு தெரியும், ரேடியோ பெட்டி விளக்கு மாதிரி. அதனால் நல்ல டயோடை மாட்டுவதற்கு முன் போர்டை ஒரு டம்மியை வைத்துச் சோதிக்க வேண்டும். டம்மி என்றால் பெரிய ரகசியம் இல்லை. எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண டயோடு மூன்றை வரிசையாகப் பற்றவைத்தால் லேசர் டயோடு எடுக்கும் வோல்டேஜைக் கிட்டத்தட்ட அதுவும் எடுக்கும். போர்டுக்கு வித்தியாசம் தெரியாது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய சரக்கு.

போர்டிலேயே ஒரு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதன் இரு முனையிலும் மீட்டரை வைத்தார். ஒரு மில்லிவோல்ட் காட்டினால் ஒரு மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. கூட்டல் கழித்தல் தேவையில்லாத அளவு எளிமை, அவர் மூளைக்கு ஏற்றது என்று அவரே சொல்லிக்கொண்டார். திருகைக் குறைந்த அளவில் வைத்து, மெல்ல மெல்ல ஏற்றினார். அறுபது. அரை மணி கழித்து அறுபது. அவர் மேசையை லேசாகத் தட்டியபோதும் அறுபது.

வேறு யாராக இருந்தாலும் இத்தோடு டயோடை மாட்டியிருப்பார்கள். நம் ஆளுக்கு மனசு ஆறவில்லை. வீட்டு மேசையில் இருக்கும் பவர் சப்ளை பரம சாது. கூடத்து மிஷினில் தண்ணீரை இழுக்க ஒரு மோட்டார் இருக்கிறது, அது கிளம்பும்போது மின்சாரத்தைப் பிடித்து ஆட்டுமே? டம்மியை மிஷினுக்குள்ளேயே வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கு டம்மி மிஷின் துளைக்குள் பொருந்த வேண்டும். பழைய டயோடு இருந்த பித்தளைக் குழலைக் காலி செய்து, அதற்குள் மூன்று டயோடுகளையும் அடக்கி, பின்னால் அதே இரண்டு முள் பிளக்கை வைத்தார். விரிசல் விட்டிருந்த லென்ஸைக் கழற்றி எறிந்தார். வேலை பிடித்துப்போனதால் துணி போட்டு மெருகும் ஏற்றினார். டம்மிக்கு எதற்கு மெருகு என்று கேட்க ஆள் இல்லை.

புதன்கிழமை கூடத்துக்குப் போய் டம்மியைப் பொருத்தி மோட்டாரை ஓட்டினார். மீட்டர் முள் அறுபதிலிருந்து துள்ளி நூற்று நாற்பதைத் தொட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பழைய இடத்துக்கு வந்தது. ரிப்பேர்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நல்ல டயோடு அங்கே இருந்திருந்தால் ஐந்தாவது சாவு.

"பாத்தியா, தப்பிச்சோம்" என்றார் மனைவியிடம்.

"பாத்தேங்க" என்றாள். அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கவனித்தார். ஆனால் அவர் மூளை அப்போது மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கம்பிச் சுருளும் பெரிய கெபாசிட்டரும் சேர்த்து, மின்சாரம் படிப்படியாக ஏறும்படி போர்டைத் திருத்தி, வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டினார். மோட்டாரை இருபது தடவை போட்டு அணைத்தார். முள் அசையவில்லை. அவருக்கு டம்மி மேல் பாசமே வந்துவிட்டது. கழற்றியதும் அதையும் நல்ல டயோடுக்குரிய அதே மாதிரிக் கறுப்பு ஆன்டிஸ்டாட்டிக் பைக்குள் போட்டார். நிலைமின்சாரம் அண்டாமல் காக்கும் பை அது. மூன்று சாதாரண டயோடுகளுக்கு அந்த மரியாதை தேவையே இல்லை. நமக்காக இவ்வளவு அடி வாங்கியதே, அதற்கும் ஒரு பை இருக்கட்டும் என்று நினைத்தார். மறுநாள் மாட்டுவதற்காக நல்ல டயோடையும் டிராயரிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார். ஆகக்கூடி அவர் தோள்பையில் இரண்டு கறுப்புப் பை, இரண்டிலும் பளபளவென்று ஒரே மாதிரிப் பித்தளைக் குழல்.

சனிக்கிழமை காலை பத்து மணி. கூடத்தின் தலைவி வந்து நின்றார். அவர் பேசினால் சுருக்கமாகப் பேசுகிறவர், கையில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கும். மனைவி மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

ரிப்பேர்காரர் பருத்திச் சட்டை போட்டிருந்தார். கையில் எர்த் பட்டை கட்டினார். திருகைக் குறைத்தார், கம்பிகளைத் தொடவைத்துக் கெபாசிட்டரைக் காலி செய்தார். கறுப்புப் பையிலிருந்து குழலை எடுத்தார், பிறந்த குழந்தையை வாங்குவது போல. முன்பக்கத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பாமல், விதிப்படி, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே துளைக்குள் செருகினார். பிளக்கை மாட்டினார். ஒளி விழும் இடத்தில் வெள்ளைக் காகிதம் வைத்தார். சிவப்பு ஒளியைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டு, திருகை ஏற்றினார். இருபது. நாற்பது. அறுபது.

காகிதத்தில் ஒன்றும் இல்லை.

"ஓ, கண்ணாடி போட்டிருக்கேன்ல! இதைப் போட்டா எப்படித் தெரியும்" என்று அசடு வழியச் சிரித்துக் கழற்றினார். கழற்றியும் ஒன்றும் இல்லை. காகிதம் அப்போதுதான் வாங்கியது போல வெள்ளையாக இருந்தது. மீட்டர் மட்டும் அறுபது, அறுபது என்று அடம்பிடித்தது. ஆள் போய்விட்டார், நாடி மட்டும் நன்றாக ஓடுகிறது என்பது போல ஒரு நிலைமை.

யோசித்திருக்கலாம். செத்த டயோடுகூட மங்கலாக எரியும் என்று அவருக்குத் தெரியாதா? நான்கு பேரைக் கொன்றவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் நல்ல செய்தி என்றால் ஏழு தடவை சோதித்த பிறகே நம்பும் அந்த மனிதர், கெட்ட செய்தியைச் சோதிக்காமலே நம்பிவிட்டார். தன் கையாலாகாத்தனம் என்றால் அவருக்கு அத்தாட்சி வேண்டியதில்லை.

"மேடம்" என்றார். "செத்துடுச்சு. நான்தான் கொன்னுட்டேன். இதுக்கு வேற டயோடும் கிடையாது. இவங்க எவ்வளவோ நம்பிக் குடுத்தாங்க. தப்பு முழுக்க என்னோடது."

"அப்படியா சார்?" என்றார் தலைவி. கொஞ்ச நேரம் மிஷினைப் பார்த்தார். "சரி. அப்ப மேல எழுதிடறேன். உங்களுக்கு மாற்றல் உறுதின்னு வச்சுக்கங்கம்மா."

ரிப்பேர்காரர் மெல்லத் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அவள் அழுவாள், அல்லது அவரை முறைப்பாள் என்று எதிர்பார்த்தார். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்.

அவள் மூச்சை நீளமாக விட்டாள். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவள் போல இருந்தாள்.

"எத்தனாந்தேதி போய்ச் சேரணும் மேடம்?" என்று கேட்டாள். அந்தக் குரலை அவர் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறார். பரீட்சை முடிவு வந்துவிட்டதா என்று அவள் தினமும் தபால்காரரிடம் கேட்ட குரல்.

கேட்ட கையோடு அவரைத் திரும்பிப் பார்த்து முகத்தை மாற்றிக்கொண்டாள். "பரவாயில்லங்க, நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றாள். அவள் அதைச் சொன்ன வேகமே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

தலைவி கடிதம் தயார் செய்யத் தன் அறைக்குப் போனார். மனைவி சோதனைக் குடுவைகளைக் கழுவப் போனாள். ரிப்பேர்காரர் கருவிகளை எடுத்து வைப்பதற்காகத் தோள்பையைத் திறந்தார். உள்ளே இன்னொரு கறுப்புப் பை இருந்தது. செத்த டயோடுகூட மங்கலாக எரியுமே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் மிஷினை அணைத்து, மாட்டிய குழலை உருவி, அன்றைக்கு முதல் தடவையாக அதன் முன்பக்கத்தைப் பார்த்தார். லென்ஸ் இல்லை. இருட்டான ஒரு பொந்து இருந்தது, உள்ளே மூன்று சாதாரண டயோடுகளின் ஓரம் தெரிந்தது. கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய விதி, கண் முன்னால் இருந்ததைப் பார்க்கவிடாமல் செய்திருந்தது. டம்மி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது, அறுபது மில்லிஆம்பியரும் குறையாமல்.

முதலில் அவர் வாய் திறந்தது. "ஏய், உயிரோட இருக்கு!" என்று கத்துவதற்கு மூச்சும் எடுத்துவிட்டார். கத்தினால் போதும். மிஷின் ஓடும், மாற்றல் ரத்து, சாயங்காலம் செருப்புக் கழற்றும் சத்தம் வீட்டில் கேட்கும். அவர் கேட்டதெல்லாம் அது ஒன்றுதானே?

கத்தவில்லை. அவள் தோள் தளர்ந்து இறங்கியது கண்ணை விட்டுப் போகவில்லை.

பேசாமல் பையை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றும் ஒரு எண்ணம் வந்தது. டயோடு செத்ததாகவே இருக்கட்டும், அவள் போகட்டும், நான் தியாகி. இந்த எண்ணம் அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது, அதனாலேயே அதன் மேல் சந்தேகம் வந்தது. மூன்று வாரம் அவளுக்காக என்று உழைத்தவர், அவளை ஒரு வார்த்தை கேட்டாரா? மோட்டார் கிளம்பும்போது போர்டு என்ன பாடு படும் என்று யோசித்தார், மனைவி என்ன நினைக்கிறாள் என்று யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு கையிலும் இரண்டு பை.

"இங்க பாரு. நான் மாட்டினது டம்மி. நல்லது இதோ இருக்கு, சாகல."

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு அந்தப் பைகளைப் பார்த்தாள். அவள் முகம் ஏமாந்துபோனதை அவளால் மறைக்க முடியவில்லை. மறைக்கப் பார்த்ததுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

"உனக்குப் போகணுமா?" என்று கேட்டார்.

அவள் குடுவை ஒன்றை எடுத்துத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"போகணுங்க" என்றாள் கடைசியில். "அங்க ஆறு மிஷின் இருக்கு. மண்ணு, காத்து, தண்ணி எல்லாம் பாக்கறாங்க. போனா ஒரு பிரிவே என் பொறுப்புல வரும். இங்க பதினோரு வருஷமா ஒரே குழாயைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். மிஷின் கெட்டப்ப நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நாமளாக் கேக்க வேண்டாம், அதுவா நடந்துடும்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது? நான் வாயத் தொறந்தப்பல்லாம் நீங்க எனக்காகக் கஷ்டப்பட்டுட்டிருந்தீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. "அப்ப உன் கட்சிக்கு நான்தான் ஆள். அந்தப் போர்டு புகைஞ்சப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வர்ற டயோடை நான் எப்பவும் போலத் தொட்டிருப்பேன். அதுவா முடிஞ்சிருக்கும்."

அவளும் சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லதை மாட்டுங்க" என்றாள்.

"மாட்டினா உன் மாற்றல் போயிடுமே."

"போகட்டும். இந்த ஊர்த் தண்ணிய இந்த ஊர்லயே பாக்கணும், அந்த மிஷின் ஓடணும். இங்க புதுசா வேலைக்கு வந்த பொண்ணு நல்லாவே ஓட்டும். நான் போறதுன்னா கேட்டுட்டுப் போறேன். மிஷின் செத்ததால தூக்கிப் போட்டாங்கன்னு போக வேண்டாம்."

ரிப்பேர்காரர் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். பட்டை, திருகு, கம்பிகள். இந்தத் தடவை மின்சாரம் இல்லாதபோதே குழலைத் திருப்பி லென்ஸைப் பார்த்துக்கொண்டார். செருகினார். சுவிட்சில் விரலை வைத்துத் தயங்கினார். டயோடு செத்துவிடுமோ என்ற தயக்கம் இல்லை அது. பிழைத்துவிட்டால் அதன் பிறகு தான் என்ன செய்வோம் என்ற தயக்கம். சுவிட்சைப் போட்டு, திருகை ஏற்றினார். முப்பதைத் தாண்டியதும் காகிதத்தில் சிவப்பாக ஒரு புள்ளி பளிச்சென்று விழுந்தது. மோட்டார் கிளம்பியது. புள்ளி அசையவில்லை.

தலைவி பாதி அடித்த கடிதத்தோடு ஓடி வந்தார். "அட, பிழைச்சுடுச்சா சார்! நல்ல வேளை. அப்ப மாற்றல் வேண்டாம்னு எழுதிடறேன்."

"வேணும் மேடம்" என்றாள் மனைவி. "எனக்கு வேணும்னு நானே கேக்கறேன்."

தலைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரிப்பேர்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மனு எழுதிக் குடுங்கம்மா, நான் சிபாரிசு பண்றேன்" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டிவிட்டுப் போனார்.

அவள் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினாள். நாலு வரி எழுத அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர் கருவிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தார். வைத்ததை எடுத்து மறுபடி துடைத்தார்.

"என்னங்க, எப்பலேருந்துன்னு போடணும். ரெண்டு மாசம் கழிச்சுன்னு போடட்டுமா? உங்களுக்கும் பழகிக்க நேரம் வேணும்ல."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"திங்கக்கிழமைன்னு போடு" என்றார். "ரெண்டு மாசம் குடுத்தேன்னா, நீ போகாம இருக்கறதுக்கு நான் ஏதாவது செஞ்சு வச்சுடுவேன்."

அவள் பேனாவைத் தாளில் வைத்தபடி அவரையே பார்த்தாள். பிறகு குனிந்து திங்கட்கிழமை என்று எழுதினாள்.